இந்தத் தெருவில் குளோரியா என்று யாரும் இல்லை

என் மனைவி தங்கை கல்யாணத்துக்காகப் பினாங்கு போயிருந்த சமயத்தில், எங்கள் தெரு அவளை முழுசாக இல்லாமல் ஆக்கிவிட்டது. கோபத்தில் அல்ல, அன்பில்தான். கோபத்தில் செய்திருந்தால் சரிக்கட்டுவது சுலபமாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

என் பெயர் சிரில். பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு சந்தில் பிறந்து, அதே சந்தில் வளர்ந்து, அதே சந்தில் குடித்தனம் நடத்துகிறவன். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். குளோரியா மலேசியாக்காரி. எண்பதுகளில் பெங்களூர் காலேஜ்களில் மலேசியப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து படித்தார்களே, அந்தக் கூட்டத்தில் வந்தவள். பி.காம். படிக்க வந்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பாட வந்தாள், என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். ஜோசஃபின் என்று எங்களுக்கு ஒரு மகள்.

தங்கிவிட்டாள் என்று நான்தான் சொல்கிறேன், சர்க்கார் சொல்லவில்லை. வருஷா வருஷம் கமிஷனர் ஆபீசுக்குப் போய், வெளிநாட்டவர் பிரிவில் வரிசையில் நின்று, இன்னும் ஒரு வருஷம் இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டு முத்திரை வாங்கி வர வேண்டும். முதலில் அதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டாள். ஜோசஃபினை ஸ்கூலில் சேர்த்த வருஷம் அந்த வேடிக்கை போய்விட்டது. ஆபீசில் யாரோ ஒருவர் குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "இவ நம்ம ஊரு, நீங்கதாம்மா கெஸ்ட்டு" என்று சிரித்திருக்கிறார். நல்ல மனசோடு சொன்னதுதான். குளோரியா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் பிள்ளை வீட்டுக்காரி, நான் விருந்தாளியா? எனக்குக் குடியுரிமை வேணும் சிரில். எப்படியாவது வேணும்லா."

அந்த 'லா' அவள் ஊர் வால். இங்கே வந்து இத்தனை வருஷமானதில் அது தேய்ந்துவிட்டது. கோபம் வந்தாலோ அழுகை வந்தாலோதான் எட்டிப்பார்க்கும்.

மனு போட்டோம். டி.சி. ஆபீசில், அதாவது கலெக்டர் ஆபீசில் ஆரம்பித்து, அங்கிருந்து மாநில சர்க்கார் இருக்கும் விதான சௌதா, அங்கிருந்து டெல்லி என்று ஒரு பெரிய யாத்திரை அது. எங்கள் மனு முதல் படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருஷம் ஒரு சத்தமும் இல்லை. தொண்ணூற்றாறில் பினாங்கிலிருந்து தங்கைக்குக் கல்யாணம் என்று சேதி வந்தது. மனு நடுவில் இருக்கும்போது வெளிநாடு போகலாமா என்று டி.சி. ஆபீஸ் குமாஸ்தாவிடம் கேட்டோம்.

"போகக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்லீங்க. திரும்பி வர அனுமதியை முத்திரை குத்தி வாங்கிட்டுத் தாராளமாப் போங்க. ஆனா போலீஸ் விசாரணை இன்னும் பாக்கி இருக்கு. அவங்க வர்ற நேரம் பார்த்து நீங்க இல்லேன்னா ஃபைல் வேற மாதிரி ஆயிடும்" என்றார்.

ஒன்றரை வருஷமாக வராத போலீஸ் இந்த ரெண்டு வாரத்திலா வந்துவிடப் போகிறது என்று பேசிக்கொண்டோம். அம்மாவும் மகளும் மெட்ராஸ் போய் பிளேன் ஏறினார்கள். ஏர்போர்ட்டில் மகள் இந்தியர் வரிசை, அம்மா வெளிநாட்டவர் வரிசை. ஜோசஃபின் தனியாக நிற்க மாட்டேன் என்று அழுது, கடைசியில் ஒரு அதிகாரி இரண்டு பேரையும் ஒரே வரிசையில் விட்டாராம். போய்ச் சேர்ந்ததும் போனில் சொன்னாள்.

எங்கள் தெருவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குழாயடியில் ஒரு குடத்துக்காகத் தலைமயிரைப் பிடித்துக்கொள்கிற தெரு இது. ஆனால் தெருமுனையில் காக்கிச் சட்டை தெரிந்ததோ இல்லையோ, அத்தனை பேரும் ஒரே குடும்பம். யாரைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அப்படி யாரும் இல்லியே சார்." பழைய வழக்கம்தான், தொண்ணூற்றொன்றில் இறுகிவிட்டது. அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததற்குப் பிறகு, வெளியூர்த் தமிழர் யாராவது தங்கியிருக்கிறார்களா என்று போலீஸ் வீடு வீடாக ஏறியது. டிசம்பரில் காவிரிக் கலவரம். அப்போது வேறு ஆட்கள் வந்து வேறு மாதிரி கேட்டார்கள். கேட்கிறவன் யாரானாலும் சரி, கேட்கப்படுகிறவர் நம் ஆள் என்றால் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். இதை யாரும் உட்கார்ந்து யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை, ஜோசஃபினுக்குக்கூடத் தெரியும்.

அவர்கள் போன மறுவாரம், நான் வேலை முடிந்து வந்தபோது தெருவில் ஒரு திருவிழாக் களை. எதிர்வீட்டுச் சொர்ணக்கா ஒரு தட்டில் வடை கொண்டுவந்து நீட்டினாள். தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருப்பவள். கடன் கேட்டால்கூட வடை தராதவள்.

"சாப்பிடு சிரிலு. கவலையே படாத. எல்லாம் பார்த்துக்கிட்டோம்."

"எதைக்கா?"

"போலீஸ் வந்துச்சு." குரலைத் தாழ்த்தினாள். "குளோரியான்னு ஃபாரின் தமிழ் பொம்பள இங்க இருக்குதான்னு கேட்டான். ஃபாரின்காரி இந்தத் தெருவுல எதுக்கு சார் இருக்கப் போறா, இங்க தண்ணியே ஒழுங்கா வர்றதில்லன்னு சொன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டான்."

அதற்குள் ஸ்கூட்டர் மெக்கானிக் அர்ஜுனன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். அவன் ஷெட் எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே.

"எங்கிட்டயும் வந்தான்ணா. அந்த வீட்ல யார் இருக்காங்கன்னான். ஒரு பேச்சிலர் தனியா இருக்கார் சார்னேன். கொடியில உங்க சட்ட மட்டும்தான் காஞ்சுது, ஒத்துப் போச்சு."

பக்கத்து வீட்டு மௌரீன் டீச்சர் பொய்யே சொல்லாதவர். கோயில் பாடற்குழுவில் குளோரியாவுக்குப் பக்கத்தில் நிற்பவர். அவர் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நான் பொய் சொல்லல சிரில். அப்படி ஒருத்தர் இங்க இல்லன்னு மட்டும்தான் சொன்னேன். இன்னிக்கு இல்லதானே? இருந்தாலும் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போறேன்."

வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். வந்தவர் யாரையும் பிடிக்க வரவில்லை, குளோரியா இந்த வீட்டில்தான் குடியிருக்கிறாளா என்று கேட்டு எழுதிக்கொண்டு போக வந்தவர், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் இந்த ஊர்க்காரி ஆகியிருப்பாள் என்று விளக்கிச் சொன்னேன். அர்ஜுனன் தலையைச் சொறிந்தான். சொர்ணக்கா இடுப்பில் கையை வைத்தாள்.

"இத வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன அவனுக்கு? நல்ல காரியத்துக்கு வர்றவன் நல்ல மாதிரி கேக்க வேணாமா?"

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். விசாரிக்க வந்த ஹெட் கான்ஸ்டபிள் புட்டசாமி மண்டியா பக்கத்துக்காரர், மரியாதையான மனுஷர். எங்கள் பக்கம் ரொம்ப நாள் வேலை பார்த்ததில் தமிழ் நன்றாகவே வந்தது. ஃபைலைப் புரட்டி அவர் எழுதியிருந்ததைச் சொன்னார். அக்கம்பக்கத்தாருக்கு அப்படி ஒரு பெண்ணைத் தெரியாது. வீட்டில் ஒரு ஆண் தனியாக வசிக்கிறார். மனுதாரர் நாட்டைவிட்டுப் போயிருப்பதாகப் பதிவும் இருக்கிறது.

"ரெண்டும் பொருந்துது பாருங்க. போனவங்க போயிட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

"கல்யாணத்துக்குப் போயிருக்கா சார். வெள்ளிக்கிழமை காலையில மெட்ராஸ் மெயில்ல வந்துடுவா. நான் அவ புருஷன்."

"நீங்க அப்படிச் சொல்றீங்க. தெரு உங்களைப் பேச்சிலர்னு சொல்லுது." கொஞ்சம் சிரித்தார், கொஞ்சம் யோசித்தார். "சனிக்கிழமை இந்த ரிப்போர்ட் மேல போயாகணும். இல்லன்னு சொன்னவங்களே வந்து இருக்காங்கன்னு சொல்லட்டும். அப்பறம் பார்க்கலாம்."

இந்த ரிப்போர்ட் இப்படியே போனால் மனு அங்கேயே செத்தது. குளோரியா மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதைவிட, அவள் இங்கே இருக்கவே இல்லை என்று சர்க்கார் ஏட்டில் ஏறிவிடும். இதை அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?

தெருவைக் கிளப்புவது லேசாக இல்லை. போலீஸ் ஸ்டேஷன் படியைத் தானாக ஏறிய ஆள் எங்கள் சந்தில் யாரும் கிடையாது. அர்ஜுனனுக்குத் திடீரென்று காய்ச்சல் வருவது போலிருந்தது. மௌரீன் டீச்சர், கூப்பிட்டால் வருகிறேன், கேள்வி கேட்டால் மயங்கி விழுந்துவிடுவேன் என்றார். சொர்ணக்கா மட்டும் ஒரு முழு ராத்திரி யோசித்துவிட்டுக் காலையில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு தெருவில் வந்து நின்றாள்.

"இல்லாம பண்ணது நாம. இருக்கற மாதிரி பண்ண வேண்டியதும் நாமதான். கெளம்புங்க."

அவள் பட்டுக் கட்டியதைப் பார்த்து மற்றவர்களும் நல்ல துணிக்கு மாறினார்கள். ஏதோ நிச்சயதார்த்தத்துக்குப் போகிற மாதிரி நாங்கள் ஸ்டேஷனுக்குள் நுழைந்தோம்.

எல்லாம் பாழாய்ப் போக இருந்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் போல. குளோரியா எப்படிப்பட்டவர் என்று புட்டசாமி கேட்டதற்கு, "ரொம்ப நல்லவங்க சார், அடக்கமானவங்க, யார் வம்புக்கும் போக மாட்டாங்க" என்றார் மௌரீன் டீச்சர். அர்ஜுனனும் அதையே சொன்னான். சொர்ணக்காவும் அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னாள். புட்டசாமி பேனாவை மூடிவிட்டார்.

"முந்தாநாள் எல்லாரும் சேர்ந்து இல்லன்னு பாடினீங்க. இன்னிக்கு எல்லாரும் சேர்ந்து நல்லவங்கன்னு பாடறீங்க. நான் எதை எழுதறது? ஹோகி, போய்ட்டு வாங்க."

ஃபைலை ஓரமாகத் தள்ளினார். சொர்ணக்காவுக்கு மூக்கு சிவந்தது. அவளைப் பொய்க்காரி என்று யாராவது சொன்னால் அவளுக்குத் தாங்காது, பொய்யே சொல்லியிருந்தாலும்.

"என்ன சார் பாட்டு கீட்டுன்றீங்க? இல்லாதவளா என் குடத்தத் தூக்கி வெச்சா?"

"எந்தக் குடம்?"

"தண்ணி வர்ற அன்னிக்குக் குடம் வெச்சு வரிசை போடறது எங்க தெரு வழக்கம் சார். குடம் இருந்தா ஆளு இருக்கற மாதிரி. இவ வந்த புதுசுலயே, ஆளு இல்லாத குடத்துக்கு வரிசையில எடமில்லன்னுட்டு என் குடத்தக் கடைசிக்குத் தள்ளிட்டா. அன்னிலேர்ந்து சண்ட சார் எனக்கும் அவளுக்கும். நேத்து வந்தவ, சட்டம் பேசறா!"

"அக்கா!" என்றேன். அவள் காதில் விழவில்லை. விழுவதற்குள் மௌரீன் டீச்சருக்கும் உள்ளே அடைத்துவைத்திருந்தது உடைத்துக்கொண்டது.

"குடம்கூடப் பரவால்ல சார். பெலாச்சான்னு ஒண்ணு. காஞ்ச எறால அரைச்சுக் கட்டியா அவங்க ஊர்லேர்ந்து வரும். அத அடுப்புல சுட்டான்னா என் வீட்டுத் திரைச்சீலைக்குக்கூட நாத்தம் ஏறிடும். ஃபாதர் எங்க வீட்ட மந்திரிக்க வந்த அன்னிக்குப் பார்த்துச் சுட்டா சார். பாதி ஜெபத்துல அவர் இருமிக்கிட்டே வெளிய ஓடிட்டார். இன்னிக்கு வரைக்கும் மீதி ஜெபம் சொல்லல!"

"ஞாயித்துக்கெழம நான் எஞ்சின ஓட விட்டா ஜன்னலத் தொறப்பாங்க சார்" என்றான் அர்ஜுனன். "ஒரு வார்த்த பேச மாட்டாங்க. சும்னே பார்ப்பாங்க. திட்டினாக்கூடத் தேவல. அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் ஞாயித்துக்கெழம கடைய மூடிட்டேன். என் சம்சாரம் சந்தோஷமா இருக்கா, அது வேற விஷயம்."

புட்டசாமி பேனாவைத் திறந்திருந்தார். வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். நடுவில் பெலாச்சான் என்றால் என்ன என்று இன்னொரு தரம் விளக்கச் சொன்னார். இன்னும் ஒரு வாரம் உட்கார வைத்திருந்தாலும் அவர்களுக்குச் சொல்ல விஷயம் இருந்திருக்கும். அவர்தான் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"சரி, சரி. இல்லாத பொம்பள மேல இவ்ளோ ஆத்திரம் வராது" என்றார். "ஆனா நான் ஆளக் கண்ணால பார்த்தாகணும். வெள்ளிக்கிழமை வந்ததும் கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்ததும்தான் அவர்களுக்குத் தாங்கள் என்ன பேசினோம் என்று உறைத்தது. "அவகிட்ட சொல்லிடாத சிரிலு" என்றாள் சொர்ணக்கா.

வெள்ளிக்கிழமை காலையில் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கியபோது குளோரியாவுக்குக் கன்னம் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. ஆட்டோவில் வைத்து நடந்ததைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஒருத்தர்கூடவா நான் இருக்கேன்னு சொல்லல?"

"உன்னைக் காப்பாத்தறதா நெனச்சுட்டாங்க. அப்பறம் அவங்களே போய் உன்னப் பத்தி விவரமாச் சொன்னாங்க."

"சொர்ணக்காவுமா?"

"அவங்கதான் ஆரம்பிச்சாங்க."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது.

பெட்டியை வீட்டில் போட்டதும் கிளம்பினோம். மூன்று பேரும் தயாராக நின்றிருந்தார்கள். சொர்ணக்கா மறுபடி அதே பட்டு. புட்டசாமி குளோரியாவை உட்கார வைத்து, பாஸ்போர்ட்டைப் பார்த்து, பெயர், ஊர் எல்லாம் கேட்டார். அப்புறம் முறைப்படி அக்கம்பக்கத்தார் வாக்குமூலத்தை எடுத்து, ஒரு வரி விடாமல், உரக்க வாசித்தார்.

குளோரியா மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். குடம் வந்ததும் கை அவிழ்ந்தது. பெலாச்சான் வந்ததும் எழுந்துவிட்டாள்.

"ஏன்க்கா, விடிகாலையில ஏழு குடத்த வெச்சுட்டு இட்லிக் கடைக்குப் போயிடுவீங்க, நாங்கெல்லாம் பிள்ளைய இடுப்புல வெச்சுட்டு நிக்கணுமா? சார், நீங்களே ஹேளி சார், இது நியாயவா? டீச்சர், அந்த ஃபாதருக்கு அன்னிக்கே ஜலதோஷம்லா! அதுக்கு நானா? அந்தப் பெலாச்சான்ல அரைச்ச சம்பல மறுநாள் கிண்ணத்துல கேட்டு வாங்கித் தின்னது யாரு? அர்ஜுனா, நீ மட்டும் பேசாத. உன் புகையில என் வெள்ளைத் துணி ஒண்ணு மிச்சமில்ல. சார், கன்னடத்துலயும் எழுதிக்கோங்க சார்!"

பாதி தமிழ், பாதி கன்னடம், நடுவில் லா. சொர்ணக்கா பதிலுக்குக் கையை நீட்டினாள். மௌரீன் டீச்சர், சம்பல் கேட்டது தன் தம்பிக்காக என்று சத்தியம் செய்தார். ஸ்டேஷனில் இருந்த மற்ற போலீஸ்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றுவிட்டார்கள்.

"சாக்கும்மா, போதும்!" என்று புட்டசாமி மேஜையைத் தட்டினார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "உங்கள இந்தியாவ விட்டு அனுப்பினாலும் இந்தத் தெருவ விட்டு அனுப்ப முடியாது." பழைய தாளை எடுத்துவிட்டுப் புதுசாக எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார்.

அந்த ரிப்போர்ட் மேலே போய், விதான சௌதா போய், டெல்லி போய், குடியுரிமை கைக்கு வர மறு வருஷம் கடைசி ஆகிவிட்டது. வந்த அன்று தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தோம். ஆனால் என்னைக் கேட்டால் அந்த விஷயம் அந்த வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். முன்னால் சொர்ணக்கா ஜோசஃபினைத் தூக்கிக்கொண்டு போனாள். ஸ்டேஷனில் விட்ட சண்டையை மௌரீன் டீச்சரிடம் தொடர்ந்துகொண்டு போனாள். குளோரியா பின்தங்கினாள். திரும்பிப் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறாள்.

"என்னாச்சு? அவங்க சொன்னதுக்கா?"

இல்லை என்று தலையாட்டினாள். "இவங்க எல்லாரும் இன்னிக்கும் வேலைய விட்டுட்டா வந்தாங்க?"

"ஆமா. ரெண்டாவது தடவ."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாண வீட்டுல அம்மா கேட்டாங்க சிரில். அவ்வளவு தூரத்துல உனக்குன்னு யார்மா இருக்கான்னு. நான் உன் பேர மட்டும்தான் சொன்னேன்." மூக்கை உறிஞ்சினாள். "தப்பாச் சொல்லிட்டேன்லா."

அன்றைக்கு மாலையே தெருமுனை ஐ.எஸ்.டி. பூத்துக்குள் போய் பினாங்குக்குப் போன் போட்டாள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அம்மாவிடம் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, அவரவர் குறையோடு, கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டும்வரை பேசினாள். அதுவரைக்கும் என் பேர் வரவே இல்லை.